மணி அடிக்க 5 நிமிடம் முன்பு

எல்லோருக்கும் ஒரே பள்ளி – 9

இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், ஓர் அறை, கோட்டு மாட்ட ஒரே கொக்கி. 11 வயதில், ஒரு செப்டம்பர் காலையில், எல்லாம் தலைகீழாகிறது. ஆயிரம் பேர் படிக்கும் உயர்நிலைப் பள்ளி; பாடத்துக்கொரு ஆசிரியர்; மணிக்கு மணி அறை மாற வேண்டும். மணி அடித்ததும் தாழ்வாரத்தில் திமுதிமுவென்று கூட்டம், படாரென்று சாத்தப்படும் லாக்கர்கள், முதுகுப்பைகளின் இடி, கேன்டீனிலிருந்து எண்ணெய் வாடை. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அல்ஜீப்ரா பிரச்சினையே இல்லாமல் இருக்கலாம். அடுத்த அறைக்குப் போய்ச் சேருவதுதான் பிரச்சினை.

சிலர் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றுவிடுவார்கள். வேறு சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றரை மணிவரை தாக்குப்பிடிப்பார்கள். “இங்கே நன்றாகத்தானே இருக்கிறான்” என்பார் வகுப்பாசிரியர். வீட்டு வாசற்படியை மிதித்ததும் அவன் உடைந்து அழுவது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்தப் பிள்ளைகளுக்குப் பொதுப்பள்ளியின் கதவு திறந்ததில் பெரும்பங்கு மேரி வார்னாக்குடையது. ஆக்ஸ்போர்டில் தத்துவம் கற்பித்தவர், பெண்கள் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியராகவும் இருந்தவர். அவர் தலைமையிலான குழு 1978-இல் அறிக்கை தந்தது. குறையின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை வகைபிரிக்கும் பழைய வழக்கத்தை அது தள்ளிவைத்தது. 5 பேரில் ஒருவருக்குப் படிப்புக் காலத்தில் எப்போதாவது சிறப்பு உதவி தேவைப்படும் என்றது. அதையொட்டி வந்த 1981 சட்டம் பொதுப்பள்ளிப் படிப்பை ஆதரித்தது, சில ‘ஆனால்’களோடு: மற்ற மாணவர்களின் படிப்பு கெடக்கூடாது, பணம் வீணாகக்கூடாது. (சட்டம் எழுதுகிறவர்களுக்கு எந்த நாட்டிலும் ஒரே கைதான் போலிருக்கிறது.)

அறிக்கை வந்து 27 ஆண்டுகள் கழிந்தன. 2005-இல், 81 வயதில், வார்னாக் ஒரு சிறு நூல் எழுதித் தன் அறிக்கையின் வழியையே மறுத்தார். எல்லோரையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்த கொள்கை பலரைத் தனிமையில் தள்ளிவிட்டது, உயர்நிலைப் பள்ளிகளில் அவர்கள் கேலிக்கும் கொடுமைக்கும் ஆளாகிறார்கள் என்றார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைக் குறிப்பாகச் சுட்டினார். அவர் சொன்ன மாற்று, சிறிய சிறப்புப் பள்ளிகள்.

பிழை எங்கே என்று சரியாகத்தான் பார்த்தார், பரிகாரத்தில் கோட்டைவிட்டார். பிள்ளையை இடம் மாற்றச் சொன்னவர், தாழ்வாரத்தை மாற்றிப்பார்க்கலாம் என்பதை அழுத்திச் சொல்லவில்லை. இன்றும் இங்கிலாந்தில் ஆட்டிசம் உள்ள மாணவர்களில் பெரும்பாலோர் படிப்பது பொதுப்பள்ளியில்தான்.

அங்கே பலன் தருபவை பெரிய திட்டங்கள் அல்ல. மணி அடிக்க 5 நிமிடம் முன்பே கிளம்ப அனுமதி. தாங்கமுடியாதபோது மேசைமேல் வைத்துவிட்டு, காரணம் சொல்லாமல் வெளியேற ஓர் அட்டை. மதிய இடைவேளைக்கு நூலகத்தில் ஒரு மூலை. நாளை வேறு ஆசிரியர் வருவார் என்றால் இன்றே தகவல். 2010 சமத்துவச் சட்டம் இவற்றை ‘நியாயமான மாற்றங்கள்’ என்கிறது. செய்து தருவது பள்ளியின் கடமை. சிறப்புத் தேவைகளைக் கவனிக்க ஓர் ஒருங்கிணைப்பாளரும் ஒவ்வொரு பொதுப்பள்ளியிலும் இருக்க வேண்டும். ஆனால் பிள்ளை வாரத்தில் சந்திப்பது பத்து ஆசிரியர்களை. அட்டையின் அர்த்தம் ஒன்பது பேருக்குத் தெரிந்திருந்தும், பதிலுக்கு வந்த பத்தாமவர் “எங்கே எழுந்து போகிறாய்? உட்கார்!” என்றால் போதும், அன்றைய நாள் முடிந்தது.

அப்படி உடைந்த நாளில் கை நீண்டால்? ஆக்ரோஷமாக நடந்துகொண்டதற்காக ஆட்டிசம் உள்ள 11 வயதுச் சிறுவன் ஒருவன் ஒன்றரை நாள் பள்ளியிலிருந்து விலக்கிவைக்கப்பட்டான். பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். குறுக்கே நின்றது ஒரு விதி: பிறரைத் தாக்கும் போக்குக்குச் சமத்துவச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. தீ வைப்பதும் திருடுவதும் இருந்த அதே பட்டியலில் இதுவும் இருந்தது. கீழ்த் தீர்ப்பாயத்தில் பெற்றோர் தோற்றார்கள்.

2018 ஆகஸ்டில் மேல் தீர்ப்பாயத்தில் நீதிபதி ரௌலி அதைத் திருப்பிப்போட்டார். அந்த நடத்தை அவன் விரும்பித் தேர்ந்தெடுத்ததல்ல. கல்வி விஷயத்தில் இந்த விதியை இத்தகைய பிள்ளைகள்மேல் பாய்ச்சுவது மனித உரிமைக்கு முரண் என்றார். அவன் அடித்தான் என்று சொல்லிவிட்டுப் பள்ளிகள் இனி நகர்ந்துவிட முடியாது. அதற்குமுன் என்னென்ன மாற்றங்கள் செய்துபார்த்தோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

(தொடரும்)