ஏடும் அச்சும் இணையமும்

நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் 1849-ஆம் ஆண்டில் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து, வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். ஏட்டில் உறங்கியவை நூலாகிப் பலர் கைகளை அடைந்தன. ஆயினும் அச்சேறிய நூலும் அழியக்கூடியதே. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின.

எஞ்சியவற்றைக் காக்க, ஈழத்துத் தமிழன்பர்கள் 2005-இல் இணையத்தில் ஒன்றுகூடினர். அவர்கள் தொடங்கிய திட்டத்தின் பெயரே ‘நூலகம்’ என்பது.

இத்தகைய கூட்டுமுயற்சியைத் தொடங்குதல் எளிது, நடத்துதலே அரிது. ஒருவரது ஊக்கம் நாளடைவில் தளரும். பணியைப் பலர் பங்கிட்டுக்கொண்டால் அது நிலைக்கும். ஒருவர் நூலைத் தேடி உரியவரின் இசைவைப் பெறுவார். மற்றொருவர் பக்கங்களைப் படம்பிடிப்பார். வேறொருவர் நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு ஆகியவற்றைப் பதிவுசெய்வார். இறுதிப் பணி சிறிதாகத் தோன்றலாம். ஆனால், பதிவில்லாத நூல் தேடுவார்க்குக் கிட்டாது.

நல்லூரில் ஏதோவொரு வீட்டுப் பெட்டியில் பழைய கோயில் மலரோ பள்ளி இதழோ இன்றும் இருக்கக்கூடும். எஞ்சிய ஒரே படி அதுவேயானால், முந்துவது கறையானா, அன்பரா என்பதே கேள்வி.