எல்லாம் அடங்கும், கடல் அடங்காது!

கோடை விடுமுறை வந்துவிட்டால் கடற்கரைக்குப் போவோம் என்று வீட்டில் நச்சரிக்காத மாணவர் உண்டோ? இரண்டு நாள் அங்கேயே தங்கி வரலாம் என்று அப்பாவும் அம்மாவும் இசைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

கடற்கரை ஓய்வு விடுதிகள் சிலவற்றில் ஒரு வசதியான முறை உண்டு. முன்கூட்டியே ஒரு தொகையைக் கட்டிவிட வேண்டும். அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, மாலைச் சிற்றுண்டி, பிள்ளைகளுக்கு விளையாட்டு ஆகிய எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். 1950ஆம் ஆண்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜெரார் பிளிட்ஸ் என்பவர், மத்தியதரைக் கடலின் மயோர்க்கா தீவில் கூடாரங்கள் அடித்து இப்படியொரு விடுமுறை முகாமை நடத்தினார். இன்று வெப்பமண்டலக் கடற்கரைகள் பலவற்றில் இந்த முறை பரவியிருக்கிறது.

கட்டணத்தில் எல்லாம் அடங்கும். கடல் மட்டும் அடங்காது! அது எந்த விடுதிக்காரரின் பேச்சையும் கேட்பதில்லை. பின் யார் பேச்சைத்தான் கேட்கிறது? வாருங்கள், பார்ப்போம்.

வெயில் அடிக்கிறது, படகு இல்லை!

நீங்கள் நாஞ்சில் நாட்டுத் தோவாளையிலிருந்து புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். விடியற்காலையிலேயே பூச்சந்தை களைகட்டியிருக்கும். வடகிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய். மலைகளுக்கு இடையே உள்ள அந்த இடைவெளியில் புகும் காற்று வேகம் கொள்வதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. தெற்கே ஏறத்தாழ 20 கி.மீ. சென்றால் கன்னியாகுமரி.

அங்கே போய்ச் சேர்கிறீர்கள். வானம் தெளிவாக இருக்கிறது. காற்றும் பலமாக இல்லை. ஆனால் 'கடல் சீற்றம் காரணமாக விவேகானந்தர் பாறைக்குப் படகுப் போக்குவரத்து நிறுத்தம்' என்று அறிவிக்கிறார்கள். 'காற்றே இல்லை, இதில் என்ன சீற்றம்?' என்று பெரியவர்கள் சலித்துக்கொள்ளக்கூடும். கேள்வி நியாயமானதுதான். விடையோ பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

பூ நகர்ந்ததா?

காற்றாலையின் இறக்கையைச் சுழற்றும் அதே காற்றுத்தான் கடலில் அலையை எழுப்புகிறது. அலையின் அளவை மூன்று செய்திகள் முடிவு செய்கின்றன: காற்றின் வேகம், அது வீசும் நேரம், அது தடையின்றி வீசும் கடற்பரப்பின் நீளம். மூன்றும் மிகுந்தால் அலையும் மிகும்.

அலை எதைச் சுமந்து வருகிறது? ஊர்க் குளத்தில் ஒரு பிச்சிப்பூவை மிதக்கவிட்டு, சற்றுத் தள்ளி ஒரு கல்லைப் போட்டுப் பாருங்கள். அலைகள் வட்டவட்டமாக விரிந்து கரையைத் தொடும். பூவோ இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். அலையோடு சேர்ந்து கரைக்கு வராது. அதாவது, பயணம் செய்வது நீரன்று, ஆற்றல். ஆகவே புயல் ஓய்ந்த பிறகும், அது கடலுக்குக் கொடுத்த ஆற்றல் ஓடிக்கொண்டே இருக்கும்.

புயல் அங்கே, அலை இங்கே

குமரிமுனைக்கு நேர் தெற்கே உலகப்படத்தில் விரலை ஓட்டுங்கள். சின்னஞ்சிறு தீவுகளைத் தவிர, அண்டார்க்டிகா வரை நிலமே இல்லை. தென் அட்சரேகை 40 பாகைக்கு அப்பால் பெரும் புயற்காற்றுகள் ஆண்டு முழுவதும் வீசுகின்றன. அங்கே பிறக்கும் அலைகள் இங்கே வர எவ்வளவு நாள் ஆகும்? நாமே கணக்கிடலாம்.

குமரிமுனை வட அட்சரேகை 8 பாகையில் இருக்கிறது. ஆக இடைவெளி 48 பாகை. ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்றால் ஏறத்தாழ 5,300 கி.மீ. ஆகிறது.

ஒரு முகடு கடந்தபின் அடுத்த முகடு வர ஆகும் நேரம் அலைவு நேரம் எனப்படும். ஆழ்கடலில் அலைவு நேரம் நீண்ட அலையே வேகமாகச் செல்லும். அலைவு நேரத்தை (விநாடியில்) 2.8ஆல் பெருக்கினால், அலையாற்றல் மணிக்கு எத்தனை கி.மீ. செல்கிறது என்பது தோராயமாகக் கிடைக்கும்.

அலைவு நேரம் 20 விநாடி என்றால் வேகம் மணிக்கு 56 கி.மீ.; வந்து சேர ஏறத்தாழ 4 நாள். அலைவு நேரம் 8 விநாடி என்றால் வேகம் மணிக்கு 22 கி.மீ.; வந்து சேர ஏறத்தாழ 10 நாள். ஆனால் குட்டை அலைகள் வழியிலேயே பெரும்பாலும் தேய்ந்துவிடும். நெடிய அலைகளே தேயாமல் நம் கரையைத் தொடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1963இல் வால்டர் மங்க் என்ற அமெரிக்கக் கடலியல் அறிஞரும் அவர் குழுவினரும் பசிபிக் கடலில் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை அளவுகருவிகளை வைத்துக் காத்திருந்தனர். தென்கோடிப் புயல்களில் பிறந்த அலைகள் வடகோடிவரை வந்ததை அவர்கள் அளந்து காட்டினர்.

கள்ளனைப் போல் வரும் கடல்

உள்ளூரில் புயலும் இல்லை, மழையும் இல்லை. ஆனால் கடல் பொங்கிக் கரையேறுகிறது. கேரள மீனவர்கள் இதற்கு இட்ட பெயர் கள்ளக்கடல். கள்ளனைப் போல் சொல்லாமல் வருவதால் இந்தப் பெயர். 2012இல் யுனெஸ்கோவும் இச்சொல்லை ஏற்றுக்கொண்டது. குறிப்பாக ஏப்ரல், மே மாதங்களில், அதாவது உங்கள் விடுமுறைக் காலத்தில், இது அடிக்கடி நிகழ்கிறது.

20 விநாடி அலையின் அலைநீளம் ஆழ்கடலில் 600 மீட்டருக்கும் அதிகம். அங்கே அது ஒரு மீட்டர் உயரமே இருந்தால், படகில் இருப்பவருக்கு வந்து போனதுகூடத் தெரியாது. கரையை நெருங்கி ஆழம் குறையும்போது அலையின் வேகம் குறைகிறது. முன்னே போகும் வண்டி மெதுவானால் பின்னே வருபவை நெருக்குவதைப் போல, அலையின் ஆற்றல் குறைந்த இடத்தில் திரள்கிறது. அலை உயர்ந்து நிற்கிறது. பிறகு ஒரே மூச்சில் கரைமீது பாய்கிறது.

இது சுனாமி அன்று. 2004 டிசம்பர் 26 அன்று குளச்சல், மணக்குடிப் பகுதிகளைத் தாக்கிய சுனாமிக்குக் காரணம் கடலடி நிலநடுக்கம். கள்ளக்கடலுக்குக் காரணம் தொலைதூரக் காற்று.

ஏமாற்றும் அமைதி

இசைக்கவை இரண்டை ஒன்றாக ஒலிக்கச் செய்து விம்மல்கள் கேட்டிருப்பீர்கள். ஒலி பெருகும், தேயும், மறுபடி பெருகும். கடலலையிலும் அப்படியே. 18 விநாடி அலையும் 20 விநாடி அலையும் சேர்ந்து வந்தால், பெரிய அலைகள் 180 விநாடிக்கு ஒருமுறை, அதாவது 3 நிமிடத்துக்கு ஒருமுறை, கூட்டமாக வரும். இடைப்பட்ட நேரத்தில் கடல் சாதுவாகத் தோன்றும். 'கடல் அமைதியாகத்தானே இருக்கிறது' என்று நாம் இறங்குவது அந்த இடைவெளியில்தான்.

2024 மே மாதத் தொடக்கத்தில், கடல் பொங்கக்கூடும் என்று இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் எச்சரித்திருந்தது. ஐதராபாத்தில் உள்ள இந்த மையம் தென்கடல் அலைகளைக் கணித்துச் சொல்கிறது. மே 6 அன்று இதே மாவட்டத்தில், கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில், வெளியூரிலிருந்து வந்திருந்த மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். அலை புறப்பட்ட செய்தி கரையைச் சேர்ந்துவிட்டது. ஆனால் அது ஒவ்வொருவர் காதுக்கும் எட்டினால்தான் பயன்.

உள்ளே இழுக்கும் நீர்

அலைகள் கரையில் கொட்டும் நீர் எப்படியாவது கடலுக்குத் திரும்ப வேண்டும் அல்லவா? சில இடங்களில் அது குறுகிய ஓடைபோலச் சேர்ந்து விரைவாகத் திரும்பும். வேகம் விநாடிக்கு 2 மீட்டர் வரைகூட இருக்கலாம். ஒலிம்பிக் நீச்சல் வீரரின் வேகமே ஏறத்தாழ அவ்வளவுதான்! அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது. நீர் சற்றுக் கருத்துத் தெரியும். அதனாலேயே குளிக்க ஏற்ற இடமென்று பலர் ஏமாறுகின்றனர்.

இதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது. இந்த ஓட்டம் ஆளைக் கடலுக்குள் கொண்டுபோகுமே தவிர, அடியில் அமிழ்த்தாது. எனவே மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்த முடிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தைவிட்டு விலகலாம். கரையில் நிற்பவர் பின்னாலேயே குதிக்கக்கூடாது. காலி நீர்க்குடமோ, கயிறோ, மிதக்கும் எதுவோ வீசிவிட்டு, காவலரையோ மீனவரையோ அழைக்க வேண்டும். 112க்கும் தொலைபேசலாம்.

நீங்களும் அளக்கலாம்

சொத்தவிளையோ, சங்குத்துறையோ, முட்டமோ, எங்கு சென்றாலும் ஒரு கடிகாரம் கொண்டுபோங்கள். பெரியவர்களோடு, அலை எட்டாத உலர்ந்த மேட்டில் நில்லுங்கள். நனைந்த பாறைமேல் நிற்கவே கூடாது. அலை உடையும் ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு, ஓர் அலை உடையும்போது 'சுழி' என்று எண்ணத் தொடங்கி, 10 வரை எண்ணுங்கள். ஆன நேரத்தைப் பத்தால் வகுத்தால் அலைவு நேரம் கிடைக்கும். 6, 7 விநாடி என்றால் அருகில் வீசிய காற்றின் வேலை. 14 விநாடிக்கு மேல் என்றால் அது தொலைதூர விருந்தாளி. எந்த நாளில் பிறந்திருக்கும் என்று கணக்கிட்டு நோட்டில் எழுதுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். இந்த அளவு கடலை அறிந்துகொள்வதற்கு. இறங்கலாமா என்று முடிவு செய்வதற்கன்று. அதற்கு அன்றைய கடல் எச்சரிக்கையைக் கேளுங்கள். கரையில் படகை மேலே இழுத்துக் கட்டும் மீனவரைக் கேளுங்கள். 'இன்றைக்கு வேண்டாம், பிள்ளைகளே' என்று அவர் சொன்னால், பட்டத்தை எடுத்து விடுங்கள். காற்று நன்றாகத்தானே இருக்கிறது!