ஓட்டுப் போட்டால் அரசு பணம் தரலாமா?

கொலம்பியாவில் ஓட்டுப் போடுவது கட்டாயம் இல்லை. ஆனால் போட்டுவிட்டு வருபவர் கையில் ஒரு சிறு சான்றிதழைக் கொடுத்து அனுப்புகிறார்கள். 1997-ல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். அந்தச் சான்றிதழைக் காட்டினால் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்தில் 10 சதவீதம் குறையும். பாஸ்போர்ட் எடுக்கும்போதும் தள்ளுபடி உண்டு. வேலைக்குப் போகிறவருக்குச் சம்பளத்தோடு அரை நாள் விடுப்பு. யாருக்குப் போட்டீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இவ்வளவு கொடுத்தும் 2018, 2022 அதிபர் தேர்தல்களின் முதல் சுற்றில் வாக்குப்பதிவு பாதியைச் சற்றுத் தாண்டியதோடு சரி. சலுகை இல்லாவிட்டால் இன்னும் குறைந்திருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் கல்லூரிக்கோ வெளிநாட்டுக்கோ போகாத, தெருவில் பழம் விற்கும் பெண்ணுக்கு இந்தச் சான்றிதழால் என்ன பயன்?

பழைய ஏதென்ஸ்காரர்கள் இதை வேறு விதமாகப் பார்த்தார்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மக்கள் சபைக்கு வந்து கை தூக்குகிறவருக்கு முதலில் ஒரு ஓபோல் காசு கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அது மூன்றாயிற்று. பிழைப்பை விட்டுவிட்டு வரும் ஏழைக்கு அன்றைய வருமானம் போகிறதே, அதற்கு ஈடு. அமெரிக்காவின் அரிசோனாவில் 2006-ல் முன்வைத்த திட்டமோ வெறும் லாட்டரி: ஓட்டுப் போட்டவர்களில் ஒருவருக்குக் குலுக்கலில் 10 லட்சம் டாலர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் அதை வேண்டாம் என்றார்கள். சரியாகத்தான் செய்தார்கள்.

நம் ஊரில் இந்தப் பேச்சை எடுத்தாலே, ஓட்டுக்குக் கட்சிகள் பணம் கொடுப்பதற்குப் பேர்போன 2009 திருமங்கலம் இடைத்தேர்தல் நினைவுக்கு வரும். கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டு 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தானது. கட்சிக்காரர் கவரை நீட்டுவது தனக்குப் போடச் சொல்லி. அரசு கொடுத்தால் நோட்டாவுக்குப் போட்டாலும் காசு கிடைக்கும். சட்டத்தின் கண்ணில் இது பெரிய வித்தியாசம். ஆனால் பொங்கல் பரிசையே எந்த ஆட்சி எவ்வளவு கொடுத்தது என்று கணக்குப் பார்க்கும் ஊரில், ஓட்டுக்கு அரசு தரும் 500 ரூபாயும் ஆளுங்கட்சியின் பணமாகத்தான் பேசப்படும். ஆகவே ரொக்கம் கூடாது என்பது என் முடிவு.

அதற்காகக் கூலி இழப்பை அப்படியே விட்டுவிட முடியாது. சென்னையில் சித்தாள் வேலை செய்யும் பெண்ணுக்கு ஓட்டு ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது. போக வர பஸ் கட்டணம், இரண்டு நாள் கூலி, கூடவே பிள்ளைகள். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. தினக்கூலிக்காரரையும் அது சேர்த்தே சொல்கிறது. மீறும் முதலாளிக்கு அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். மேஸ்திரி சொன்ன இடத்துக்கெல்லாம் போகிறவர் அந்தச் சம்பளத்தை யாரிடம் போய்க் கேட்பார்?

ஆஸ்திரேலியா என்றதும் ஓட்டுப் போடாதவருக்கு விதிக்கும் அபராதத்தை மட்டும் சொல்கிறோம். அங்கே தேர்தல் சனிக்கிழமையில் நடக்கிறது, தன் மாநிலத்தின் எந்தச் சாவடியிலும் ஓட்டுப் போடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கும் வெளியூர்த் தொழிலாளர்கள் இருக்கும் இடத்திலிருந்தே வாக்களிக்க, 72 தொகுதிகளைக் கையாளும் ஒரு இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட முன்வந்தது. பல கட்சிகள் எதிர்த்தன, திட்டம் நின்றது. எதிர்ப்பில் இருந்த நியாயமான சந்தேகங்களைத் தீர்த்து, அதை மறுபடி கையில் எடுக்க வேண்டும். அதுவரை தேர்தலை ஒட்டிய இரண்டு நாளும் வாக்காளர் அட்டையைக் காட்டுவோருக்கு அரசு பஸ்ஸில் கட்டணம் வாங்காமல் இருக்கலாம்.