பழைய தொடர்மாடிகளை இடித்துக் கட்டுதல்: நகர மீள்விருத்தியை மதிப்பிடுவது எப்படி?

நகர மீள்விருத்தி பற்றிய வினாவுக்கு மாணவர்கள் பலர் ஏறத்தாழ ஒரே விடையையே எழுதுகின்றனர். பழைய கட்டடங்கள் அகற்றப்படும், புதிய கட்டடங்கள் எழும், சூழல் அழகு பெறும், முதலீடு பெருகும் என்பதோடு விடை முடிந்துவிடும். இவை பிழையான கூற்றுகள் அல்ல. எனினும் முக்கியமான ஒரு விடயம் இவற்றில் விடுபட்டுள்ளது. அவ்விடத்தில் முன்பு வாழ்ந்த மக்கள் இப்போது எங்கே இருக்கின்றனர் என்பதே அது. மீள்விருத்தித் திட்டமொன்றின் வெற்றியையும் தோல்வியையும் அளக்கும் கோல் இக்கேள்விதான். இதனை லண்டன் நகரின் ஓர் உதாரணத்தைக் கொண்டு விளங்கிக்கொள்வோம்.

1. முதலில் அறிய வேண்டிய எண்ணக்கருக்கள்

சமூக வீடமைப்பு: அரசோ உள்ளூராட்சி மன்றமோ பொதுநல அமைப்போ வீடுகளை அமைத்து, வருமானம் குறைந்தோருக்குச் சந்தை வாடகையிலும் மிகக் குறைந்த வாடகைக்கு வழங்குவதாகும்.

மீள்விருத்தி: பழைய கட்டடத்தை முற்றாக இடித்து, அதே நிலத்தில் புதிதாகக் கட்டுவதாகும்.

புனரமைப்பு: கட்டடத்தின் உறுதியான பகுதிகளை வைத்துக்கொண்டு, பழுதடைந்தவற்றை மாற்றி வசதிகளைக் கூட்டுவதாகும்.

உயர்குடியாக்கம்: வருமானம் குறைந்தோர் வாழ்ந்த நகரப் பகுதிக்கு வசதி படைத்தோர் வந்து சேர, வாடகையும் நிலவிலையும் உயர்ந்து, பழைய குடிகள் படிப்படியாக வெளியேற நேர்வதாகும். லண்டனை ஆராய்ந்த ரூத் கிளாஸ் என்னும் சமூகவியலாளர் 1964 இல் இக்கருத்தை முதன்முதலில் பெயரிட்டு வழங்கினார்.

மீள்விருத்தி, புனரமைப்பு ஆகிய இரண்டையும் ஒன்றெனக் கருதி எழுத வேண்டாம். முதலாவதில் மக்கள் கட்டாயமாக வெளியேற வேண்டும். இரண்டாவதில் அவர்கள் அங்கேயே தங்கியிருக்க இடமுண்டு.

2. ஹெய்கேட் தொடர்மாடித் தொகுதி

தேம்ஸ் நதிக்குத் தெற்கே, சதக் உள்ளூராட்சிப் பிரிவில், எலிபன்ட் அன்ட் காசில் சந்திக்கு அருகே இத்தொகுதி அமைந்திருந்தது. நகர மையம் இங்கிருந்து மிக அண்மையில் உள்ளது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் சேரிகளை அகற்றி, பெருந்தொகையான மக்களுக்கு விரைவாக வீடு வழங்கும் கொள்கையின் கீழ் கட்டப்பட்ட இத்தொகுதி 1974 இல் பூர்த்தியாயிற்று. ஏறத்தாழ 1,200 வீடுகளில் 3,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர். நீண்ட கொங்கிறீற்று மாடிகள், அவற்றை இணைக்கும் உயர் நடைபாதைகள், நடுவே மரங்கள் நிறைந்த முற்றங்கள் என்பன இதன் அமைப்பாகும்.

1990 களின் இறுதியில் இதனை இடிப்பது என்ற முடிவை நோக்கி உள்ளூராட்சி மன்றம் நகர்ந்தது. அப்போது கட்டடங்களின் வயது ஏறத்தாழ 25 வருடங்களே என்பதைக் கவனியுங்கள். ஆகவே "பழையது, அதனால் இடிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினால் விடை முழுமை பெறாது. காரணங்களைப் பின்வருமாறு வகுத்து எழுதலாம்.

பௌதிகக் காரணங்கள்: வெப்பமூட்டும் தொகுதி, குழாய்கள், லிப்ட் முதலியன பழுதடைந்தமை.

நிர்வாகக் காரணங்கள்: பராமரிப்புக்குப் போதிய நிதி ஒதுக்கப்படாமை. இடிக்கப்படும் என்ற எதிர்பார்ப்பு ஏற்பட்ட பின்னர் திருத்த வேலைகள் மேலும் குறைவது இயல்பு.

சமூகக் காரணங்கள்: குற்றச்செயல்கள் மலிந்த இடம் என்ற பெயர் இத்தொகுதிக்கு ஏற்பட்டமை.

பொருளாதாரக் காரணங்கள்: நகர மையத்தை அண்டிய நிலத்தின் பெறுமதி பன்மடங்கு உயர்ந்தமை. கட்டடத்தின் பெறுமதி குறைந்துகொண்டே செல்ல, அது நிற்கும் நிலத்தின் பெறுமதி கூடிக்கொண்டே செல்லும். இவ்விடைவெளி பெரிதாகும்போது மீள்விருத்திக்கான அழுத்தம் தோன்றுகிறது.

3. மக்கள் வெளியேறிய விதம்

இங்கு இரு வகையான குடியிருப்பாளர்கள் இருந்தனர். முதலாம் வகையினர் மன்றத்தின் வாடகைக் குடியிருப்பாளர்கள். இரண்டாம் வகையினர், 1980 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம் வழங்கிய உரிமையின்படி தமது வீட்டை நீண்டகாலக் குத்தகை உரிமையுடன் விலைக்கு வாங்கியவர்கள்.

வாடகைக் குடியிருப்பாளர்கள் மன்றத்துக்குச் சொந்தமான வேறு வீடுகளுக்கு மாற்றப்பட்டனர். அவர்களுக்கென அருகிலே கட்டப்பட வேண்டிய புதிய வீடுகள் உரிய காலத்தில் தயாராகாமையால், திரும்பி வந்தோர் மிகச் சிலரே. வீட்டை வாங்கியிருந்தோருக்கு நட்டஈடு வழங்கப்பட்டது. ஆனால் அத்தொகையைக் கொண்டு அதே பகுதியில் வேறு வீடு வாங்க முடியாமையால், பலர் லண்டனின் புறநகருக்கும் அதற்கு அப்பாலும் சென்றனர். தொழில், பிள்ளைகளின் பாடசாலை, உதவிக்கு ஓடிவரும் அயலவர் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போயின. வெளியேற மறுத்தோர் தொடர்பில் 2013 இல் கட்டாயக் கொள்வனவு விசாரணை நடைபெற்றது. அவ்வாண்டு நவம்பரில் இறுதிக் குடியிருப்பாளரும் வெளியேற்றப்பட்டார். 2011 இல் தொடங்கிய இடிப்பு வேலை 2014 இல் முடிவுற்றது.

4. எண்களை வாசிக்கும் முறை

இந்நிலம் லென்ட்லீஸ் என்னும் அவுஸ்திரேலிய நிறுவனத்துக்கு 50 மில்லியன் பவுணுக்கு வழங்கப்பட்டது. மறுபுறம், தொகுதியிலிருந்து மக்களை வெளியேற்றுவதற்கு மாத்திரம் மன்றம் 40 மில்லியன் பவுணுக்கு மேல் செலவிட்டது. நிலத்தை விற்று ஏழைகளுக்கு வீடு கட்டலாம் என்ற வாதத்தை எழுதும்போது இவ்விரு தொகைகளையும் ஒப்பிட்டுக் காட்டுக.

அடுத்து, 2013 இல் அனுமதி பெற்ற திட்டத்தில் 2,500 வரையான புதிய வீடுகள் இருந்தன. வீடுகளின் மொத்தத் தொகை இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஆனால் அவற்றுள் சமூக வாடகை வீடுகள் நூற்றுக்கும் குறைவு. பழைய தொகுதியில் மிகப் பெரும்பாலானவை சமூக வாடகை வீடுகளே. அதாவது மொத்த வீடுகள் பெருகின. வறியோருக்குரிய வீடுகள் பத்தில் ஒன்றளவாகச் சுருங்கின. இரு கூற்றுகளும் ஒரே நேரத்தில் உண்மை. ஒன்றை மட்டும் எழுதினால் விடை பக்கச்சார்பானதாகிவிடும்.

இங்கு இன்னொரு சொல்லையும் அவதானிக்க வேண்டும். "கட்டுப்படியாகும் வீடுகள்" என்று அறிக்கைகளில் வருவன எல்லாம் சமூக வீடுகள் அல்ல. இங்கிலாந்தில் 2011 முதல், சந்தை வாடகையின் 80 சதவீதம் வரை அறவிடப்படும் வீடும் இப்பெயரைப் பெறுகிறது. வாடகை மிக உயர்ந்த லண்டனில் 80 சதவீதம் என்பது வறிய குடும்பமொன்றின் கைக்கு எட்டாத தொகையாகும்.

5. மறுபக்க வாதங்கள்

மதிப்பீட்டு வினாவில் இரு பக்கமும் இடம்பெற வேண்டும். மீள்விருத்திக்கு ஆதரவாக எழுதக்கூடியவை: நகர மையத்தில் கூடுதலானோருக்கு வீடு கிடைக்கிறது, புதிய கட்டடங்கள் குறைந்த சக்தியில் வெப்பமூட்டக்கூடியவை, புதிய பூங்காவும் கடைத்தொகுதிகளும் தொழில் வாய்ப்புகளும் உருவாகின்றன, நிதி வசதியற்ற மன்றமொன்று தனியார் முதலீட்டினால் தனது சுமையைக் குறைத்துக்கொள்கிறது. இவை வலுவான நியாயங்களே. ஆயினும் இந்நன்மைகளைப் பெறுவோர் பெரும்பாலும் புதிதாக வந்தோராவர். செலவைச் சுமந்தவர்களோ பழைய குடிகள். நன்மையும் செலவும் வெவ்வேறு மக்களைச் சேர்ந்தன என்பதே ஹெய்கேட் தரும் பாடமாகும்.

6. மாற்று வழிகள்

இடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று எழுதுவதும் தவறாகும். பிரான்ஸின் போர்தோ நகரில், கிராண்ட் பார்க் என்னுமிடத்தில் 1960 களில் கட்டப்பட்ட மூன்று கட்டடங்களில் 530 வீடுகள் இருந்தன. லகட்டோன், வஸ்ஸால் என்போரின் குழுவினர் இவற்றை இடிக்காது, வெளிச்சுவர்ப் பக்கமாகப் புதிய பகுதியொன்றை இணைத்து, ஒவ்வொரு வீட்டையும் விசாலமாக்கினர். குடியிருப்பாளர்கள் தத்தம் வீட்டிலேயே இருக்க வேலை நடைபெற்றது. இத்திட்டம் 2019 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டடக்கலைப் பரிசைப் பெற்றது.

மக்களின் சம்மதத்தைப் பெறுவது இன்னொரு வழியாகும். சமூக வீடுகளை இடித்து 150 அல்லது அதற்கு மேற்பட்ட புதிய வீடுகளைக் கட்டும் திட்டம் லண்டன் நகர முதல்வரின் நிதியைப் பெற வேண்டுமாயின், குடியிருப்பாளரிடையே வாக்கெடுப்பு நடத்தி ஆதரவு பெற வேண்டும் என்ற விதி 2018 இல் நடைமுறைக்கு வந்தது. ஹெய்கேட் போன்ற அனுபவங்களுக்குப் பின்னரே இவ்விதி பிறந்தது.

7. எமது நாட்டுடன் தொடர்புபடுத்துதல்

கொழும்பின் நிலைமை இதனிலும் வேறுபட்டது. இங்கு தோட்டங்களிலும் முடுக்குகளிலும் வாழ்ந்த குடும்பங்களே தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்டன. பேஸ்லைன் வீதிக்கு அருகே 2001 இல் திறக்கப்பட்ட சஹஸ்புர தொடர்மாடியின் 671 வீடுகள் இதற்கு முன்னோடியாகும். 2010 இற்குப் பின்னர் நகர அபிவிருத்தி அதிகார சபை இதனைப் பெரிய அளவில் முன்னெடுத்தது. இரு இடங்களுக்கும் பொதுவானவை இரண்டு: பெறுமதிமிக்க மைய நிலத்தை விடுவித்து முதலீட்டுக்கு வழங்கும் நோக்கம் ஒன்று, வறிய மக்களின் இடமாற்றம் மற்றையது.

இன்று புதிதாகத் தோன்றும் தொடர்மாடியும் ஒருநாள் பழையதாகும். லிப்ட் நின்றால் பத்தாம் மாடியில் வாழும் முதியவர் வீட்டுக்குள்ளேயே முடங்குவார். பராமரிப்பு நிதி யார் பொறுப்பில் உள்ளது, உறுதிப்பத்திரம் யார் பெயரில் உள்ளது ஆகிய இரண்டுமே அடுத்த இடிப்பின்போது அம்மக்களின் பலத்தைத் தீர்மானிக்கும். உங்களுள் சிலர் இத்தகைய தொடர்மாடிகளில் இருந்தே இதனைப் படிக்கிறீர்கள். உங்களுக்கு இது வெறும் பாடப்பகுதி அல்ல.

8. விடை எழுதும்போது

எந்த நாட்டின் மீள்விருத்தித் திட்டத்தைப் பற்றிக் கேட்கப்பட்டாலும் பின்வரும் நான்கு வினாக்களுக்கும் உங்கள் விடையில் பதில் இருக்கின்றதா என்று பாருங்கள்.

(அ) முன்பு எத்தனை வீடுகள், இப்போது எத்தனை?
(ஆ) அவற்றுள் வறியோருக்கு உரியவை எத்தனை?
(இ) பழைய குடிகளுள் எவர் திரும்பினர், எவர் எங்கே சென்றனர்?
(ஈ) முடிவெடுக்கும்போது அவர்களிடம் கேட்கப்பட்டதா?

முதலாம் வினாவுக்கு மட்டும் பதில் கூறும் விடை ஒரு விவரணமாகவே நின்றுவிடும். நான்குக்கும் பதில் கூறும் விடையே மதிப்பீடாகும். "மதிப்பிடுக" என்ற ஏவற்சொல் உங்களிடம் எதிர்பார்ப்பதும் அதனையே.