நம் நூல்களைப் பட்டியலிடுவது யார்?

கோடை விடுமுறை நெருங்கியதும், கல்லூரியில் பயிலும் மகனையும் மகளையும் எந்தப் பயிற்சியில் சேர்ப்பது என்னும் பேச்சு இல்லந்தோறும் எழுகின்றது. வங்கி, வணிக நிறுவனம், மென்பொருள் அலுவலகம் எனப் பெற்றோர் பலவற்றை எண்ணுகின்றனர். பழைய நூல்களைக் கணிப்பொறியில் பட்டியலிடுவதும் ஒரு பயிற்சியே. அதில் நம் பிள்ளைகளுக்கென்றே காத்திருக்கும் பணி ஒன்றுண்டு.

அடையாற்றை அடுத்த தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உள்ளது. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களையும் இதழ்களையும், 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் விலை கொடுத்து வாங்கியது. அவற்றைக் கொண்டு 1994இல் சென்னையிலேயே இந்நூலகம் தொடங்கப்பெற்றது. பெசன்ட் நகரில் உ.வே.சாமிநாதையர் நூல் நிலையமும், கோட்டூர்புரத்தில் மின்னூலகம் நடத்தும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் உள்ளன.

பார்வைக்கு எளிது

நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம், ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தரவுத்தளத்தில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். எளிய வேலை என்று கருதிவிடாதீர்கள்.

ஒரு நூலின் முகப்பில் 'சுபானு வருடம்' என்று மட்டும் இருப்பதாகக் கொள்வோம். தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை திரும்புவதால், அது 1883ஆகவும் இருக்கலாம், 1943ஆகவும் இருக்கலாம். அருகில் 'ஹிஜ்ரி 1300' என்றிருந்தால் ஐயம் அகலும். அந்த ஹிஜ்ரி ஆண்டு 1882 நவம்பரில் தொடங்கி 1883 நவம்பர் தொடக்கத்தில் முடிந்தது. சுபானு பிறந்ததோ 1883 ஏப்ரலில். ஆகவே நூல் அச்சேறியது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஏழு மாதங்களுக்குள்.

பெயர்களும் அவ்வாறே. செய்கு, ஷெய்கு, ஷைகு என ஒருவர் பெயரே மூவகையாக அச்சாகியிருக்கும். அறியாதார் பதிந்தால் ஒரு புலவர் மூவராகிவிடுவார். இப்பணி நமக்குப் புதிதன்று. அறிவிப்பாளர்களின் பெயர்களைப் பிரித்தறிய இமாம் புகாரி (ரஹ்) 'அத்தாரீகுல் கபீர்' என்னும் நூலையே தொகுத்தார்கள். பக்தாத் நகரின் இப்னு நதீம், ஹிஜ்ரி 377இல் தாம் அறிந்த நூல்களையெல்லாம் 'அல்ஃபிஹ்ரிஸ்த்' என்னும் பட்டியலில் வகுத்தளித்தார். அவற்றுள் பல இன்றில்லை. பெயரேனும் எஞ்சியிருப்பது அப்பட்டியலால்தான்.

அரபுத் தமிழ்

அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குக் கூடுதல் புள்ளிகளிட்டு, அரபு எழுத்தில் தமிழை எழுதினர் நம் முன்னோர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் போன்ற பெரியோர் மார்க்க அறிவை அவ்வெழுத்தில் வழங்கினார்கள். அத்தகைய நூலொன்றைத் தமிழ் மட்டும் அறிந்தவர் அரபு நூல் என ஒதுக்குவார். அரபு மட்டும் அறிந்தவர் பொருள் விளங்காது திகைப்பார். மதரஸாவில் ஓதிய, தமிழும் அறிந்த பிள்ளைதான் அதைப் படித்துப் பதிய இயலும். பட்டியலில் ஏறாத நூல் ஆய்வாளர் கண்ணில் படுவதில்லை. அவர் எழுதும் தமிழக வரலாற்றில் அதன் ஆசிரியருக்கும் இடமிராது.

நீங்கள் செய்யக் கூடியது

கோடைப் பயிற்சிக்கு மாணவரை ஏற்பார்களா என விடுமுறைக்கு முன்பே நூலகங்களுக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். வாய்ப்பு அமையாவிடின் வீட்டிலிருந்தே தொடங்கலாம். பாட்டியார் ஓதிய கிதாபுகளும் பழைய இதழ்களும் பரணில் கிடக்கின்றனவா? எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றின் முகப்பையும் படமெடுத்து, விவரங்களைக் குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். படிக்க இயலாத இடத்தில் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்கட்டும். முடிந்த பட்டியலை ஒரு நூலகத்திற்கு அனுப்பி வையுங்கள்.

'ஓதுவீராக' என்று தொடங்கிய முதல் வஹீயிலேயே எழுதுகோலும் இடம்பெற்றது. அந்த எழுதுகோலுக்குரிய கடமையை நம் மக்கள் நிறைவேற்ற அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.