சுளுக்கா, நரம்புக் கட்டியா?

உங்க வீட்டு நாய் முன்னங்கால் ஒன்றை நொண்டுகிறதா? 'சுளுக்குதான், சரியாப் போயிடும்' என்று மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். (நீங்கள் போடும் வலி மாத்திரை நாய்க்குக் கூடவே கூடாது. வயிறு புண்ணாகி உயிருக்கே ஆபத்து!) நடுவயது தாண்டிய நாய் என்றால், தோள்பட்டையைத் தடவிப் பாருங்கள். அந்தப் பக்கம் மட்டும் சதை வற்றி எலும்பு தட்டுப்படுகிறதா? அக்குளைத் தொட்டால் கத்துகிறதா? காலுக்குப் போகும் நரம்பின் உறையில் கட்டி வந்திருக்கலாம். அபூர்வம்தான். ஆனால் மூட்டுவலி மாதிரியே ஏமாற்றும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் காட்டிக் கொடுக்கும். கட்டி நரம்பு வழியாகவே தண்டுவடத்தை நோக்கி ஏறும். அதற்குமுன் பிடித்துவிட்டால் ஆபரேஷனுக்குப் பலன் அதிகம். பல நேரம் கால் முழுவதையுமே எடுக்க வேண்டிவரும். பதறாதீங்க, மூன்று காலில் பெரும்பாலான நாய்கள் ஜோராக ஓடும். தண்டுவடத்துக்குள் புகுந்துவிட்டால், டாக்டர் பெரும்பாலும் வலியைத்தான் குறைக்க முடியும்.