இடுப்பில் வைத்த உலோகம் ரத்தத்தில் கலக்குமா?

2012ஆம் ஆண்டு. ஜெர்மனியின் மார்பர்க் நகர மருத்துவமனைக்கு 55 வயது ஆடவர் ஒருவர் வந்தார். இதயம் பலவீனம். பார்வை மங்கல். காதும் சரியாகக் கேட்கவில்லை. காய்ச்சல் வேறு. என்ன காரணம் என்று அதுவரை யாருக்கும் பிடிபடவில்லை.

பேராசிரியர் யூர்கன் ஷேஃபருக்கு ஞாபகம் வந்தது 'ஹவுஸ்' தொலைக்காட்சித் தொடர்! மாணவர்களுக்குப் பாடம் நடத்தவே அதைப் பயன்படுத்துபவர் அவர். தொடரில் வரும் ஒரு நோயாளிக்கும் இதே மாதிரிப் பிரச்சினை. ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால்... கோபால்ட் அளவு வழக்கத்தைவிடப் பலநூறு மடங்கு!

வந்தது அவருடைய செயற்கை இடுப்பு மூட்டிலிருந்து. முதலில் வைத்த பீங்கான் மூட்டு உடைந்ததால் உலோக மூட்டு பொருத்தியிருந்தார்கள். உள்ளே தங்கிவிட்ட பீங்கான் துகள்கள் அதை உரசி உரசித் தேய்த்துவிட்டன. மூட்டை மாற்றிய பிறகு இதயம் ஓரளவு தேறியது. கண்ணும் காதும் அவ்வளவாகத் தேறவில்லை.

இது மிக அரிது. ஆனால் பந்து, கிண்ணம் இரண்டுமே உலோகமாக உள்ள மூட்டுகளில், நடக்க நடக்கக் கோபால்ட்டும் குரோமியமும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கும். அந்த வகையைச் சேர்ந்த 'ஏஎஸ்ஆர்' மூட்டுகளை டிபியூ நிறுவனம் 2010இல் உலகம் முழுவதும் மீட்டுக்கொண்டது.

கோபால்ட் விஷமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. வைட்டமின் பி12இலேயே அது இருக்கிறது. அளவு மிஞ்சினால்தான் சிக்கல். கூடுதல் கோபால்ட்டைச் சிறுநீரகம் வெளியேற்றும். அது பழுதானால் உடலிலேயே தங்கிவிடும்.

ஒரு லிட்டர் ரத்தத்தில் 7 மைக்ரோகிராமுக்கு மேல் கோபால்ட்டோ குரோமியமோ இருந்தால் கூடுதல் கவனம் தேவை என்கிறது பிரிட்டனின் மருந்து, மருத்துவச் சாதன ஒழுங்குமுறை அமைப்பு. ஒரே சோதனையை வைத்து முடிவெடுப்பதில்லை. மறுபடியும் ரத்தம் எடுப்பார்கள், ஸ்கேன் பார்ப்பார்கள். அளவு குறைவாக இருந்தும் மூட்டைச் சுற்றி வீக்கம் வரலாம். அதனால் எண்ணை மட்டும் நம்ப முடியாது.

"எங்க பாட்டிக்கும் இடுப்பு மாத்தினாங்களே!" என்று பதறவேண்டாம். இப்போது பெரும்பாலும் பொருத்துவது பிளாஸ்டிக் கிண்ணத்தில் பீங்கான் அல்லது உலோகப் பந்து. அதில் தேய்மானம் மிகக் குறைவு. எந்த வகை மூட்டு என்று தெரியவில்லையா? அறுவைச் சிகிச்சை நடந்த மருத்துவமனையில் கேளுங்கள். இடுப்பில் புதிதாக வலி, வீக்கம், நடையில் மாற்றம் தெரிந்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.